மிஞ்சிய தட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நல்ல உடம்போடும் வேளைக்குச் சாப்பாட்டோடும் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும், உன் தம்பி தங்கைகள் ஆறு பேரும், மாடு ஒன்று, ஆடுகள் பத்து, எண்ண விடாமல் ஓடுகிற கோழிகள் என்று எல்லோரும் இருக்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவேன், இந்த முறை அந்த வார்த்தையைப் போடக் கை வரவில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பயந்துவிடாதே, யாருடைய உயிருக்கும் ஒன்றும் இல்லை. இதை போனில் சொல்லக் கூடாதா என்பாய். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் வருகிறது, நான் ஏறினால் கூடவே ஆறு பேரும் ஏறுகிறார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் அக்கா அக்கா என்று கத்துகிறார்கள், கடைசியில் நீ சாப்பிட்டாயா நான் சாப்பிட்டேன் என்பதோடு முடிந்துபோகிறது. இப்போது எல்லோரும் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள், அப்பா கீழ் வயலில் இருக்கிறார், மாவு டப்பாவின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் டப்பா ஆடுகிறது என்று வைத்துக்கொள்.

நீ பஸ் ஏறிப் போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஒரு வருடத்தில் இந்த வீட்டில் என்னவெல்லாம் நடந்தது என்று நினைத்தால் எனக்கே தலை சுற்றுகிறது. நீ போன மூன்றாவது வாரம் அடித்த காற்றில் சமையலறைத் தகரம் பறந்து போனதை எழுதியிருந்தேன் அல்லவா, அது கீழ் வயலில் போய்ச் சாய்வாக விழுந்தது, நாங்கள் தூக்கி வரப் போனால் ஆடுகள் எல்லாம் தங்களுக்காகவே கட்டிக் கொடுத்த மாதிரி அதன் அடியில் வரிசையாக நிற்கின்றன, விரட்டினால் முறைக்கின்றன. அதற்கப்புறம் பேன். யாருடைய தலையில் தொடங்கியது என்று உன் பெரிய தங்கை, நம் வீட்டு வக்கீல், ஒரு பெரிய விசாரணையே நடத்தினாள், அதற்குள் ஆறு தலைக்கும் வந்துவிட்டது, இரட்டையர் இரண்டு பேருக்கும் மொட்டை அடித்தோம், அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குட்டி எனக்கும் என்று அழுது அடித்துக்கொண்டான், இப்போது யார் எந்தப் பையன் என்று பின்னாலிருந்து பார்த்தால் எனக்கே தெரிவதில்லை. பெரியவன் அப்பாவை விட உயரமாகிவிட்டான், குரல் உடைந்துவிட்டது, அதனாலோ என்னவோ மனிதர்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டுக் கிணற்று மோட்டாரிடம்தான் பேசுகிறான், அது நின்றால் தட்டிக்கொடுக்கிறான், ஓடினால் பாராட்டுகிறான். அவனுடைய பழைய ஷூ வக்கீலுக்கு வேண்டாமாம், சின்னத் தங்கை பூனைக்குப் பெரிதாம், இரட்டையர் ஒரு ஜோடியை ஆளுக்கு ஒன்றாகப் போட்டு ஒரு வாரத்தில் கிழித்தார்கள், கடைக்குட்டியிடம் போய்ச் சேரும்போது நாடா மட்டும்தான் மிச்சம். மாடு பால் வற்றிவிட்டது, உதைப்பதை மட்டும் விடவில்லை.

அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். நாற்பது நாள் படுக்கையில் கிடந்தபடியே வீட்டையும் நிலத்தையும் ஆண்டார், விதையை எங்கே போடு, வேலியை எங்கே கட்டு, அடுப்பில் என்ன கருகுகிறது என்று எல்லாம் கட்டிலிலிருந்தே உத்தரவு. டாக்டர் இன்னும் ஒரு மாதம் குனியக் கூடாது என்று சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எழுந்து போய், மழைக்கு மண் கரைகிறது என்று கீழ் வயல் மேட்டில் கல் சுவர் அடுக்கத் தொடங்கினார். பால் வண்டிக்காரரோடு வந்த கொத்தனார் பார்த்துவிட்டு, அடியில தோண்டாம கல்ல அடுக்குறீங்க, தண்ணி போக வழியும் விடல, நல்ல மழை பேஞ்சா வயிறு தள்ளிடும் என்று சொன்னார். உன் அப்பா கேட்பாரா? லாரிக்கு அடியில படுத்து எஞ்சினையே இறக்கினவன் நான், கல்லு என்ன செஞ்சிடும் என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த மனுஷன் படுக்கையை விட்டு எழுந்தாரே என்ற சந்தோஷத்தில் வாயைத் திறக்கவில்லை. அதை இப்போது நினைத்துப் பிரயோஜனம் இல்லை.

நீ சிரிக்கட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். சரி, இனிமேல் தள்ளிப்போட முடியாது. நாலு மாதத்துக்கு முன்னால் பூனை வழுக்கி விழுந்து கால் பிசகிவிட்டது என்று எழுதினேனே, அது பொய். பிசகவில்லை, உடைந்தது. விழுந்ததும் வீட்டு வாசலில் இல்லை. அன்றைக்கு நடந்ததை உனக்கு மறைத்து எழுதியபோது தூரத்தில் இருக்கிற பிள்ளையை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், உண்மையில் எழுத எனக்கு முகம் இல்லை, அதுதான் காரணம்.

நாம் இந்த நிலத்துக்கு வந்த புதிதில் அப்பா கொண்டுவந்த வழக்கம் உனக்கு நினைவிருக்கும், இருட்டுவதற்கு முன் கேட்டைச் சாத்தும்போது அவர் தன் தட்டைக் கரண்டியால் தட்டுவார், நீ ஒண்ணு என்று கத்துவாய், பெரியவன் ரெண்டு, வக்கீல் மூணு, பூனை நாலு, இரட்டையர் அஞ்சு ஆறு, கடைக்குட்டி ஏழு. கிணறும் மேடும் புதருமாக இருக்கிற இடத்தில் ஏழு பிள்ளைகளை ஓடிப்போய்த் தேட முடியாது, நின்ற இடத்திலிருந்தே எல்லோரும் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள நல்ல வழிதான் அது. நீ போன முதல் நாள் மாலை அப்பா தட்டைத் தட்டினார், யாரும் பேசவில்லை. ஒண்ணு இல்லாமல் ரெண்டு எப்படி வரும் என்று கடைக்குட்டி அழ ஆரம்பித்துவிட்டான், அவன் அழுகையைப் பார்த்து மற்றவர்களுக்கும் முகம் சுருங்கிவிட்டது, எனக்கும் தாங்கவில்லை, சமையலறை ஜன்னலிலிருந்து நான் ஒண்ணு என்று கத்தினேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த நாளும் நான்தான் சொன்னேன். பிறகு தினமும் அது என் வேலையாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது, அந்த ஒரு வார்த்தையைக் கத்தும்போது நீ எங்கேயோ கொட்டகைப் பக்கம் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் இல்லாத ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லலாம் என்று இந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தானே. இரட்டையரில் ஒருவன் குளிக்கப் போயிருந்தால் மற்றவன் அஞ்சு ஆறு இரண்டையும் சொல்லுவான். பெரியவன் மோட்டார் பக்கம் இருந்தால் வக்கீல் ரெண்டு மூணு என்பாள். கணக்கு பாட்டு மாதிரி ஆகிவிட்டது, எங்கும் நிற்காமல் ஏழு வரைக்கும் ஓடும், யார் வாயிலிருந்து வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

இரண்டாவது, தட்டு. ஆறு பிள்ளைகளுக்கு ஆறு தட்டு வைக்க வேண்டும், எனக்கு வருடம் முழுவதும் ஏழுதான் வரும். அடுக்கிலிருந்து எடுக்கும்போதே கை ஏழு எடுத்துவிடும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒரு தட்டு சுத்தமாக மிஞ்சி நிற்கும், ஓ, இது மூத்தவளுடையது என்று எடுத்து அடுக்கில் வைத்துவிடுவேன். பெரியவன்கூடக் கேலி செய்வான், அம்மா இன்னைக்கும் அக்காவுக்குப் பரிமாறிட்டாங்க என்று. அதனால் நடுவில் சில நாள் கவனமாக இருந்து ஆறு மட்டும் எடுக்கப் பழகினேன். அந்த நாளும் ஆறுதான் எடுத்தேன் போலிருக்கிறது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள், ஏனென்றால் நான் தினமும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குக் காலையிலிருந்து மழை பெய்து மத்தியானம் விட்டிருந்தது. கறுப்பி ஆடு குட்டி போடும் நிலையில் இருந்தது, அதனால் பூனை இரண்டு நாளாகத் தீவனக் கொட்டகையில்தான் ஆட்டுக்குப் பக்கத்தில் படுத்தாள், நான்தான் சரி என்று சொல்லியிருந்தேன். அவளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, வருவதும் தெரியாது போவதும் தெரியாது, அதனால்தானே அந்தப் பெயர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கறுப்பியைக் காணவில்லை என்று கீழ் வயலுக்குத் தேடிப் போயிருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை, அல்லது சொல்லி எங்கள் சத்தத்தில் எங்கள் காதில் விழவில்லை. ஆடு சுவருக்கு அடியில் ஒதுங்கி நின்றிருக்கிறது. இவள் போய் அதைத் தள்ளிக்கொண்டு வரப் பார்த்திருக்கிறாள், கொத்தனார் சொன்ன மாதிரியே சுவர் வயிறு தள்ளியிருந்தது, கல் சரிந்து இடது கால் மேல் விழுந்துவிட்டது. அசைக்க முடியவில்லை. அந்த மேட்டின் சங்கதிதான் உனக்குத் தெரியுமே, வீட்டில் பேசுகிறது காற்றோடு கீழே தெளிவாகக் கேட்கும், கீழே எவ்வளவு கத்தினாலும் மேலே வராது, போதாததற்கு மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் அப்பா தட்டைத் தட்டினார். நான் ஒண்ணு என்றேன். ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எல்லாம் வந்துவிட்டது. கேட்டைச் சாத்தினோம். பூனை கொட்டகையில் ஆட்டோடு இருப்பாள் என்று நினைத்து இரட்டையரில் சின்னவன் நாலு சொல்லியிருக்கிறான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. சாப்பாடு போட்டேன், ஆளுக்கு ஒரு பேச்சு, ஒரு சண்டை, கடைக்குட்டிக்குப் பல் ஆடுகிறது என்று ஒரே கூத்து. எல்லோரும் எழுந்த பிறகு ஒரு தட்டு சுத்தமாக மிஞ்சியிருந்தது. உன் தட்டு என்று நினைத்து எடுத்து அடுக்கில் வைத்தேன்.

அவ்வளவுதான் மகளே. மேலே எழுத முடியாமல் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

விடிந்ததும் வக்கீல் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பக் கொட்டகைக்குப் போனாள், வைக்கோல் கலையாமல் இருக்கிறது, ஆளும் இல்லை ஆடும் இல்லை. பெரியவன்தான் நேராகக் கீழே ஓடினான். கறுப்பி அங்கேயே குட்டி போட்டிருந்தது, பிள்ளை தன்னுடைய மேல்சட்டையைக் கழற்றிக் குட்டியைச் சுற்றி வைத்துக்கொண்டு உடம்பு நீலமாகிக் கிடந்தாள். அப்பாவும் பெரியவனும் கல்லைப் புரட்டினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டிப் பிடித்து அழுதேன் என்று எழுத ஆசைதான். திட்டினேன். கத்தித் தொலைக்க வேண்டியதுதானே, வாயில என்ன வெச்சிருந்த என்று திட்டினேன். பயத்தில் எனக்கு வாயில் வருவது எப்போதும் அதுதான், நீயும் எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறாய். பால் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, என் மடியில் தலை வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள். கத்தினேம்மா, நீங்க கணக்கு கூப்பிடுறப்ப இன்னும் பலமா கத்தினேன், அப்புறம் நாலுன்னு கேட்டுச்சு, சரி நான் அங்க இருக்கேன்னு ஆயிடுச்சு, இனிமே யாரும் வர மாட்டாங்கன்னு விட்டுட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்று சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

எலும்பு டாக்டர் நல்ல மனிதர், எக்ஸ்ரேயைக் காட்டி எல்லாம் விளக்கினார், ஆறு வாரம் கட்டு போட்டார், கட்டுப் பிரித்த பிறகும் இடது கால் கொஞ்சம் இழுக்கிறது, வளர்கிற பிள்ளைதானே போகப் போகச் சரியாகும் என்றார், சரியாகாமலும் இருக்கலாம் என்றும் சொன்னார். காலைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. அவள் எங்களோடு இருக்கிற விதம்தான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினால் கையைப் பிடித்துக் கெஞ்சுவேன், சண்டை போட்டால் இரண்டு அடி வாங்கிக்கொள்வேன். அது ஒன்றும் இல்லை. விருந்துக்கு வந்த வீட்டில் நடந்துகொள்கிற மாதிரி மரியாதையாக இருக்கிறாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்றால் போதும்மா பரவாயில்லை என்கிறாள். தன் தட்டைத் தானே கழுவித் துடைத்து அடுக்கில் வைக்காமல் ஜன்னல் ஓரத்தில் தனியாக வைக்கிறாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பா அன்றிலிருந்து அந்தச் சுவரைப் பிரிக்கிறார், சரிந்த இடத்தை மட்டும் இல்லை, முழுச் சுவரையும், ஒரு நாளைக்கு இருபது கல், தூக்கிக்கொண்டு போய் வேலி ஓரம் போடுகிறார், இடுப்பு போய்விடும் என்றால் அடுத்த கல்லைத் தூக்குகிறார். பூனை அந்தப் பக்கம் போனால் அவர் இந்தப் பக்கம் வந்துவிடுகிறார். இரட்டையரில் சின்னவன் தன்னுடைய பங்குத் தின்பண்டம் எதுவானாலும் அவள் தலையணைக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறான், எறும்பு வருகிறது, அவள் எறும்பைத் தட்டிவிட்டு அதைக் கடைக்குட்டிக்குக் கொடுத்துவிடுகிறாள். கணக்குக் கூப்பிடுவது நின்றுபோய்விட்டது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

நான் முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே. போன மாதம் மற்றவர்களை எல்லாம் அப்பாவிடம் விட்டுவிட்டு அவளை மட்டும் சந்தைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஏழு பெற்றவளுக்கு ஒரே ஒரு பிள்ளையோடு நடக்கத் தெரியவில்லை, இன்னொரு கை சும்மா தொங்குகிறது, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். பஸ் நிற்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம், என்ன பேசுவது என்று தெரியவில்லை, உனக்கு என்னடி வேணும் என்று கேட்டேன், ஒண்ணும் வேணாம்மா என்றாள். எனக்கு ஆற்றாமை. கடைக்குப் போய் நல்ல பச்சை நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பார்த்துப் பார்த்து வாங்கி, உனக்குப் பிடிச்ச பச்சை என்று கொடுத்தேன். நல்லா இருக்கும்மா என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாதி தூரம் வந்த பிறகுதான் புத்தியில் பட்டது, பச்சை பிடித்தது உனக்கு. பதின்மூன்று வருடமாக என் கையில் வளர்கிற பிள்ளைக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, இன்னும் தெரியாது, இப்போது போய்க் கேட்டால் அது என்ன கேள்வி? அந்த ஸ்வெட்டரைத் தினமும் போட்டுக்கொள்கிறாள்.

இதை எல்லாம் படித்துவிட்டு நீ உன்னையே நொந்துகொள்ளாதே, தொலைவில் போனது உன் தப்பு இல்லை. நீ போய்க் கண்ணாடிக் கடையில் நாள் முழுவதும் குனிந்து கண்ணாடி தேய்க்கிறாய், உழைத்துச் சாப்பிடுகிறாய், அதில் எனக்குப் பெருமைதான். உன்னை நினைத்தது தப்பு என்றும் நான் சொல்லமாட்டேன். கண்ணெதிரில் இல்லாத பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணெதிரில் இருந்த பிள்ளை இல்லாமல் போனது தெரியவில்லை, அது என் தப்பு, என்னுடையது மட்டும்.

போன மாதம் நீ எழுதியிருந்தாய், என் அறையில் இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கிறது, பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம், யாராவது ஒருத்தரை அனுப்பி வையுங்கள் என்று. சாப்பாட்டு நேரத்தில் அப்பா அதைப் படித்தார். யாராவது ஒருத்தர் என்றாலும் வக்கீல்தான் என்று எல்லோருக்கும் தெரியும், அவளும் எழுந்து நின்று தனக்கே ஏன் உரிமை என்று ஏழு காரணம் சொன்னாள், நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று வேறு சொன்னாள். அடுத்த நாள் நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது பூனை வந்து பக்கத்தில் நின்றாள், வழக்கம்போல வந்தது தெரியவில்லை. நான் போகட்டுமாம்மா என்று கேட்டாள். எங்கே என்றேன். அக்காகிட்ட, அங்க நாங்க ரெண்டு பேர்தானே இருப்போம் என்றாள்.

ரெண்டு பேர்தானே என்று அவள் சொன்னது என்னை எப்படிக் குத்தியது என்று எழுதத் தெரியவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன், தண்ணீர் எல்லாம் போன பிறகும் பிழிந்தேன். கடைசியில், அக்காவைக் கேட்டு எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். இதை வக்கீலிடம் எப்படிச் சொல்வது, வீடு இரண்டுபடும் என்று பயந்தேன். அவளோ கேட்டுவிட்டு, அவளே போகட்டும்மா என்றாள், ஒரே வார்த்தை, வாதம் இல்லை, காரணம் இல்லை. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து எதையும் வாதம் இல்லாமல் விட்டதில்லை. பிறகு பார்த்தால் தன்னுடைய புது நோட்டுப் புத்தகங்களை எடுத்து அட்டை போட்டுப் பூனையின் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள், முதுகு குலுங்குகிறது. ஒரே கட்டிலில் பக்கத்தில் படுக்கிறவள் அல்லவா, கொட்டகையில் இருப்பாள் என்று நினைத்துப் பக்கம் காலியாக இருந்ததை அவளும்தான் கேட்கவில்லை.

நான் இப்போது உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியதே வேறு காரியத்துக்கு. இடம் இல்லை என்று எழுதிவிடு, வீட்டுக்கார அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வரி எழுதிவிடு, அம்மாவுக்காக இந்த ஒரு பொய் சொல்லு என்று கெஞ்சத்தான் உட்கார்ந்தேன். அவள் இங்கே இருந்தால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது அம்மா என்று என்மேல் வந்து விழுவாள், ஒரு நாள் தன் தட்டை அடுக்கில் வைப்பாள், அதற்கு எனக்கு நாள் வேண்டும் என்று நினைத்தேன். நேற்றுக் காலை முதல் தாளில் அப்படித்தான் எழுதினேன், அந்தத் தாளை இன்றைக்கு அடுப்பில் போட்டுவிட்டேன். நேற்று மாலை என்ன நடந்தது என்றால், கடைக்குட்டி தானாகவே அப்பாவின் தட்டை எடுத்துத் தட்டினான். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். நான் ஜன்னலில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. பெரியவன் என்னைப் பார்த்தான், பிறகு ரெண்டு என்றான். வக்கீல் மூணு என்றாள். அப்புறம் யாரும் பேசவில்லை. அத்தனை பேரும் பூனையைப் பார்க்கிறார்கள், அவள் கறுப்பியின் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறாள். இரட்டையரில் சின்னவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அப்பா கேட்டைப் பிடித்தபடியே நிற்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அடுப்பில் எனக்குக் குழம்பு கருகிவிட்டது. அவள் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, குட்டியோடு உள்ளே போய்விட்டாள். நாலு சொல்லவில்லை. அவள் சொல்லாததற்கு நான் என்ன செய்ய முடியும்? சொல்லு என்று கேட்கிற உரிமை யாருக்கு இருக்கிறது? அப்போதுதான் நினைத்தேன், பிடித்து வைத்துக்கொள்ள என் கையில் ஒன்றும் இல்லை, போகட்டும்.

அதனால் மகளே, அவளை அழைத்துக்கொள். அடுத்த வாரக் கடைசியில் காலை பஸ்ஸில் பெரியவன் ஏற்றிவிடுவான். பஸ் நின்றதும் எதிர்ப்பக்கத்தில் நிற்காதே, கதவுக்கு நேராக வந்து நில், இறங்கும்போது அவள் கண்ணில் நீதான் முதலில் பட வேண்டும். மாடிப்படியில் அவளுக்கு இடது பக்கம் பிடிமானம் வேண்டும், கேட்கமாட்டாள், கேட்காமலே கொடு. கூப்பிட்டால் முதல் தடவை பேசமாட்டாள், இரண்டாம் தடவை கூப்பிடு, அதற்கும் பேசாவிட்டால் எழுந்து போய்ப் பார். என்ன நிறம் பிடிக்கும் என்று எப்போதாவது பேச்சுவாக்கில் கேட்டு எனக்கு ஒரு வரி எழுது, நான் கேட்டேன் என்று சொல்லாதே. வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து தூரமாகப் பார். நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக இருக்க வேண்டும், உடம்புக்கு ஒன்றும் வராமல், ஒருத்திக்கு ஒருத்தி துணையாக, நான் கொடுக்கத் தவறியது எல்லாம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். அப்பாவும் இதைத்தான் சொல்லுவார், கேட்டால் கல் தூக்கப் போய்விடுவார்.

அவள் பையில் துணிக்கு அடியில் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன், ஜன்னல் ஓரத்துத் தட்டு அவளுடையது, மற்றது உன்னுடையது. இரண்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் உன் எண்ணையும் நான் சொல்லமாட்டேன், அவள் எண்ணையும் யாரும் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன், இல்லாதவர்கள் இடம் காலியாகவே இருக்கட்டும். இந்த வீட்டில் இனி ஐந்து தட்டுதான். ஒன்று மிஞ்சினால் எழுந்து போய்த் தேடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

கடிதத்தை மடிக்கும்போது பூனை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள், நானே தபால் பெட்டியில போட்டுட்டு வரேம்மா என்கிறாள். ஒட்டிக் கொடுக்கிறேன்.